அணைக்காமல் கண்டுபிடிப்பது எப்படி

மனித குலம் இதுவரை செய்த பாவங்களில் தலையாயது ரீஸ்டார்ட். போரும் பஞ்சமும் அதற்கு அடுத்த வரிசையில்தான் வரும். அணைத்துப் போட்டால் பழுது போய்விடும்; எதனால் வந்தது என்ற உண்மையும் கூடவே போய்விடும். ஆகவே ரீஸ்டார்ட் செய்பவன், கொலையைப் பார்த்த சாட்சியைத் தீர்த்துக்கட்டுபவனுக்குச் சமம்.

இது பால் கம்பெனியின் சர்வர் இன்ஜினியர் கண்ட தத்துவம். அலுவலகத்தில் அவருக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தத்துவத்தின் நேர் விரோதி வீட்டுக்குள்ளேயே இருந்தான். மனைவியின் தம்பி, அதே கம்பெனியின் கேட்டில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவன். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே: பிளக்கைப் பிடுங்கு, பத்து எண்ணு, மாட்டு. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு வைஃபை படுத்துக்கொண்டது. ஆராய்ச்சி, லேப்டாப்பைத் திறந்து காரணம் தேடிக்கொண்டிருக்க, மச்சினன் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய் வைத்தியத்தைச் செய்தான். வந்துவிட்டது.

"இது வேலையாடா? மந்திரிச்சு விடறவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

"அவன் காசு வாங்குவான் மாமா."

மனைவி சிரித்ததை அறிவுலகின் சரிவாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை கேட் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. கேட்டில் பாஸ் அச்சாகவில்லை. பாஸ் இல்லாமல் வண்டி வெளியே போகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். பால் ஏற்றிய வண்டிகள் வெயிலில் வரிசை கட்டி நின்றன. பாலுக்குச் சட்டம் தெரியாது.

வண்டிகளை அனுப்பிவைக்கும் டிஸ்பாட்ச் மேடம் போனில் வந்தார். "சார், மதியத்துக்குள்ள வண்டி கிளம்பலைன்னா அத்தனையும் கொட்டணும். சர்வரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்களேன்."

"பால் காய்ச்சற மெஷினும் அதே சர்வர்லதான் ஓடுது மேடம். அணைச்சா குழாய்ல இருக்கிற பாலும் சாக்கடைக்குத்தான்."

உண்மைதான். தத்துவத்துக்கு முதல் முறையாக ஒரு பயன் கிடைத்திருந்தது. அவர் முகத்தில் வந்த களையைப் பார்த்தால், மாதம் ஒரு முறை இப்படி ஆகட்டுமே என்று யாருக்கும் தோன்றும்.

ஆராயத் தொடங்கினார். வயர் மாட்டும் இடத்தில் விளக்கு எரிந்தது; வயரில் குற்றமில்லை. சர்வரைத் தன்னைத்தானே கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். தனக்குத்தானே பிரமாதமாகப் பதில் சொன்னது, பெரும்பாலான மேலதிகாரிகளைப் போல. மற்ற மெஷின்களிலிருந்து கூப்பிட்டபோது ஒரு சமயம் பதில், ஒரு சமயம் மௌனம். மனத்தாங்கலில் இருக்கும் சம்பந்தி மாதிரி.

இதற்குள் மச்சினன் கூப்பிட்டான். "மாமா, டிரைவருங்க எல்லாம் என்னையே முறைக்கிறாங்க. இங்க இருக்கிற நெட்வொர்க் பெட்டியையாவது ஒரு தரம் பிடுங்கி மாட்டட்டுமா?"

"கை வச்சே, தொலைச்சிடுவேன். ஆதாரம் கெட்டுடும்."

"பால் கெட்டுடும் மாமா."

ஆராய்ச்சி போனை வைத்தார். கடைசியில் ஆதாரம் அகப்பட்டது. சர்வரின் முகவரியைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு மெஷின்கள் மாறி மாறி 'நான்தான்' என்றன. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? கேட்டிலிருந்து போன கேள்வியெல்லாம் தப்பான வீட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"யாரோ ஒரு கழுதை நம்ம சர்வர் முகவரியை வேற மெஷின்ல போட்டிருக்கு," என்று டிஸ்பாட்ச் மேடத்திடம் அறிவித்தார். "கண்டுபிடிச்சு, பேரோட மேலே எழுதறேன்."

அந்த இரண்டாவது மெஷினுக்குப் போகும் வயரைத் தொடர்ந்தபடி நடந்தார். வயர் வராந்தாவைக் கடந்து, கழிவறையைக் கடந்து, அவருடைய அறைக்குள்ளேயே நுழைந்து, அவருடைய மேஜைக்கடியிலேயே முடிந்தது. அங்கே இருந்தது ஒத்திகை மெஷின். சர்வரை அணைக்காமல் பழுது பார்க்கப் பயிற்சி எடுக்க அவரே உருவாக்கிய நகல். ஒத்திகை என்றால் அசல் போலவே இருக்க வேண்டாமா? அதே முகவரியையும் கொடுத்திருந்தார். வயர் இல்லாதவரை தொல்லையில்லை. காலையில் ஒரு ஃபைலை எடுக்க வயரை மாட்டியவர், டீக்குப் போன அவசரத்தில் கழற்ற மறந்திருந்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது பால் கம்பெனியில் நடக்கக்கூடியதுதான்.

வயரை உருவினார். அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சரியாகிவிட்டன. கேட் மட்டும் ஆகவில்லை. கேட்டில் இருந்த பெட்டி தப்பான வீட்டையே இன்னும் நினைவில் வைத்திருந்தது. அதை மறக்கடிக்க ஒரு வரிக் கட்டளை போதும். கட்டளை போடக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் தெரிந்தவர் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகிறது.

"சார், முதல் வண்டியைக் கொட்டச் சொல்லட்டுமா?" என்றார் மேடம். "அப்புறம் அந்தக் கழுதை பேர் கிடைச்சுதா?"

"கொட்டாதீங்க. பேரைப் பத்தி விசாரணை நடக்குது மேடம்."

ஆராய்ச்சி கேட்டுக்கு நடந்தார்.

"மாப்ள, போய் ஒரு டீ குடிச்சிட்டு வா. காலைலேர்ந்து அல்லாடறே."

மச்சினன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா மாமா?"

"போடான்னா."

அவன் போனதும் கதவைச் சாத்தினார். குனிந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். உதடு அசையாமல் எண்ணினார். எட்டு வந்தபோது, வேகமாக எண்ணிவிட்டோமோ என்று சந்தேகம் வந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். பத்தில் மாட்டினார். பிரிண்டர் முனகி முதல் பாஸைத் தள்ளும்வரை குனிந்தே இருந்தார்.