பதினோரு வீட்டாரும் ஒரு கீழ்த்தாடையும்

கோமதிநாயகத்தின் குறட்டை மீது பதினோரு வீட்டார் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருந்தார்கள். விசாரணை பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவமனையில் நடந்தது. இப்படிப்பட்ட வழக்குகள் அங்கேதான் நடக்கும். காலை பத்து மணிக்கு அவரும் மனைவி செண்பகமும் போய்ச் சேர்ந்தார்கள்.

மருத்துவர் அறைக்குப் போகும் நடைவழி நடக்க நடக்க நீண்டது. இரண்டு பக்கமும் அவர்கள் தெருவின் வீடுகளே இருந்தன. வாசலில் நின்றவர்கள் யாரும் வாங்க என்று சொல்லவில்லை. எதிர்வீட்டு வன்னியப்பெருமாள் மட்டும் செருப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் அதை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

டாக்டர் ஜெசிந்தா அவரை நாற்காலியில் சாய்த்துத் தூங்கச் சொன்னார். பதினோரு வீட்டாரும் சுற்றி நின்றார்கள். இத்தனை வெறுப்புக்கு நடுவில் தூக்கம் வராது என்று கோமதிநாயகம் நினைத்தார். ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. பேருந்தில், ஆபீசில், சாப்பிடும்போதுகூட அவருக்கு அப்படித்தான் வரும்.

ஒரு மணி நேரம் கழித்து விழித்தபோது டாக்டர் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். தூக்கத்தில் தாடையும் நாக்கும் பின்னால் சரிகின்றன. தொண்டை குறுகுகிறது. அதில் நுழையும் காற்றுதான் குறட்டை. சில சமயம் வழி முழுக்க அடைத்து மூச்சே நின்றுவிடுகிறது. மணிக்கு முப்பத்தொரு தடவை.

"அந்த முப்பத்தொரு தடவையும் இவரு உசுரோட இருந்தாராக்கும்?" என்றார் வன்னியப்பெருமாள்.

அதற்கு ஒரு படிவம் இருந்தது. மூச்சு நின்ற ஒவ்வொரு தடவையும் ஆள் உயிரோடிருந்ததற்குச் சாட்சி கையெழுத்து வேண்டும். தெருக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். பாடைக்கு மூங்கில் வாங்கியாகிவிட்டது என்றும், கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான் என்றும் வன்னியப்பெருமாள் சொன்னார். மூங்கில் சுவரில் சாத்தியிருந்தது. பச்சையாகத்தான் இருந்தது.

கோமதிநாயகம் மனைவியைப் பார்க்கவில்லை. ஆறு வருடமாக அவள் அடுத்த அறையில்தான் படுக்கிறாள். அவளுக்குத் தன்மேல் அருவருப்பு என்று நினைத்து, ஆறு வருடமாக அவளோடு சரியாகப் பேசாமல் இருந்தார்.

"நான் போடுதேன்" என்றாள் செண்பகம்.

"நீங்க வேற ரூம்லல்லா படுப்பீங்க?" என்றார் வன்னியப்பெருமாள்.

"படுப்பேன். தூங்குனதில்ல. சத்தம் நிக்கும்போதெல்லாம் எந்திச்சு ஒக்காந்திருவேன். திரும்பக் கேட்ட பொறவுதான் சாய்வேன்."

அவள் முப்பத்தொரு தடவை கையெழுத்துப் போட்டாள். கோமதிநாயகம் தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வாயில் பசையை வைத்து அச்செடுத்தார். அச்சிலிருந்து மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இரண்டு தகடுகள் வந்தன. கீழ்த்தகட்டைச் சின்னச் சாவியால் திருகினார். தாடை ஓர் அரிசி அளவு முன்னால் வந்தது. இனி நாக்கு பின்னால் விழாது, வழி திறந்தே இருக்கும் என்றார். பழகும்வரை வலிக்கும் என்றும் சொன்னார். மறுபடி தூங்கச் சொன்னார்.

தூங்கினார். இந்தத் தடவை யாரும் எதையும் எண்ணவில்லை. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

ஒரு குறட்டைச் சத்தத்தில் விழிப்பு வந்தது. அவருடையது அல்ல. காலடியில் முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து செண்பகம் தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் பேனா இன்னும் இருந்தது.

பதினோரு வீட்டாரும் அவள் பக்கம் திரும்பியிருந்தார்கள். வன்னியப்பெருமாள் பையிலிருந்து புது மனுவை எடுத்தார். கையெழுத்துகள் ஏற்கெனவே போட்டிருந்தன. பேர் எழுதும் இடம் மட்டும் காலி.

"இது யாரு சத்தம்?"

"எனக்குள்ளது" என்றார் கோமதிநாயகம். தகட்டோடு பேசியதால் குழறியது.

"நீரு முழிச்சுல்லா இருக்கீரு?"

"முழிச்சிருக்கும்போதும் வரும்."

வன்னியப்பெருமாள் அவரையே பார்த்தார். பிறகு பேரை எழுதிக்கொண்டார். இரண்டு பேர் மூங்கிலை நாற்காலிக்குப் பக்கத்தில் நகர்த்தினார்கள். டாக்டர் சாவியை எடுத்தார். விழித்திருக்கும்போதும் வருகிறதென்றால் இன்னும் முன்னால் தள்ள வேண்டியிருக்கும் என்றார்.

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். சாவி தகட்டில் பட்டு டிக்கென்றது. டாக்டரின் மணிக்கட்டை மெல்லப் பிடித்தார்.

"சத்தமில்லாமத் திருப்புங்கம்மா. அவ தூங்குதா."