ரகசியக் கலவைக்கு ஏழு பூட்டு

வாசனைத் திரவியக்காரர் அன்று காலை மூன்றாவது முறையாக ஜன்னலை இழுத்துச் சாத்தினார். குளிருக்காக அல்ல, மச்சானுக்காக.

மனைவியின் தம்பி அடுத்த தெருவில் அதே தொழில் செய்கிறான். போன வருடம் இவர் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த ரோஜாக் கலவை, ஒரே வாரத்தில் அவன் கடைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பல்லிளித்தது. குடும்பத்துக்கே பொதுவான இணையக் கணக்கில் குறிப்பை எழுதி வைத்தது இவர் தப்பு. அக்காவின் போனைத் தம்பி நோண்டினான், முடிந்தது கதை.

இப்போது கையில் புதுக் கலவை. வெள்ளிக்கிழமை அதை வாங்க சோப்புக் கம்பெனி மேனேஜர் வருகிறார். ஒரே நிபந்தனை: வெளியே ஒரு ஈ காக்காய்க்கும் தெரிந்திருக்கக் கூடாது.

"இனிமே என் குறிப்பு என் வீட்டு கம்ப்யூட்டர்லதான் இருக்கும். சொந்த சர்வர்!"

"நோட்டுல எழுதி பீரோல வைங்களேன்" என்றாள் மனைவி.

"பீரோ சாவி இருக்கிற இடம் உன் தம்பிக்கு அத்துப்படி!"

குறிப்பு எழுதி வைக்கும் செயலி தேடும் படலம் தொடங்கியது. வாடகைக்கு வீடு பார்ப்பவரைப் போல எல்லாவற்றிலும் குறை கண்டார். ஒன்றில் அட்டவணை கோணல். இன்னொன்றில் தேடினால் கிடைப்பதில்லை. மூன்றாவது பார்க்க லட்சணம், பூட்டுதான் லொடலொட. நிறுவுவதற்கு முன் ஓட்டிப் பார்க்க எல்லாச் செயலிக்கும் இணையத்தில் மாதிரிப் பக்கம் இருந்தது. பொய்க் குறிப்பைப் போட்டால் குணம் தெரியுமா? கெட்டிக்காரர் ஆயிற்றே! புதுக் கலவையின் பதினாறு சரக்கையும் துளிக் கணக்கோடு ஏழு பக்கங்களிலும் ஒட்டிப் பார்த்தார். ஏழாவது பாஸ். வீட்டில் நிறுவி, நாற்பது எழுத்தில் கடவுச்சொல் வைத்தார்.

"இப்ப வரச் சொல்லு உன் தம்பியை!"

வியாழன் மதியம் அவனே வந்தான், போனும் கையுமாக.

"மாமா, என் குறிப்பை உங்க கண்ணுல படாம வைக்க ஒரு செயலி தேடிட்டிருந்தேன்..."

"என் கண்ணுலயா? திருடனுக்கே பூட்டு கேக்குதோ!"

"முழுசா கேளுங்க. மாதிரிப் பக்கத்தைத் திறந்தா, எவனோ புண்ணியவான் பதினாறு சரக்கையும் எழுதி வச்சிருக்கான். தலைப்பு, 'மச்சான் பாக்கக் கூடாது'."

இவர் அவன் போனைப் பிடுங்கிப் பார்த்தார். "அது எனக்கு மட்டும் தெரியற பக்கம்டா!"

"பொதுப் பக்கம், சொந்த விஷயம் எழுதாதீங்கன்னு மேலேயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே மாமா. முப்பத்தோரு பேர் பாத்தாச்சு. லவங்கம் தூக்கல்னு ஒருத்தர் கருத்து வேற சொல்லியிருக்கார்."

உடனே மேனேஜருக்கு போன் போட்டார். "சார், நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?"

"எதுக்குங்க அலைச்சல்? சந்தியில கிடக்கிற சரக்குக்கு ஒப்பந்தம் வேறயா? லவங்கத்தைக் குறைச்சுப் பாத்தோம். பிரமாதம்!"