காடு முதலில், கடல் அப்புறம்

மேஜைக் கண்ணாடி அதிர அதிர போன் அலறியது. எதிரே உட்கார்ந்திருந்த புதுமணத் தம்பதி, கையிலிருந்த சிங்கப் படத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். ஒரு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு அவன் எடுத்தான்.

அக்காதான். அழவில்லை. அழுகிற ரகமும் இல்லை அவள். அத்தானுக்கு ஜுரம் விடவே இல்லை, விடியற்காலையில் ஆள் அடையாளம் தெரியாமல் உளறினார், ஐ.சி.யூ.வில் போட்டிருக்கிறார்கள், வருகிறாயா என்று கேட்டாள். கடைக்குப் போகிறாயா என்று கேட்கிற அதே குரல். 

சிங்கத்தையும் தம்பதியையும் பக்கத்து மேஜைப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினான்.

அந்த டிராவல்ஸ் ஆபீசில் அவனுக்குப் பெயரே 'காடுகடல்'தான். ஆறு நாள் காட்டில் சஃபாரி, ஆறு நாள் தீவில் கடற்கரை, இரண்டையும் ஒரே பயணமாகக் கோத்தது அவன் மூளை. முதலாளியே, "காடுகடலைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய அத்தான் ஓய்வு பெற்றபோது, பிடிவாதம் பிடித்து அவரையும் அக்காவையும் அதில் அனுப்பி வைத்ததும் அவன்தான். ஊர்ப் பிள்ளைகளை எத்தனையோ இடத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போன மனுஷன், பஸ்ஸை விட்டு இறங்கி எதையும் பார்த்ததில்லை. திரும்பி வந்து ஒரு வாரமாக, யானை குறுக்கே வந்தபோது ஜீப்காரன் கியர் மாற்றிய லட்சணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் ஜுரம் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அத்தானின் அண்ணன். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் 'பெரியவர்'. எதைப் பேசினாலும் குறுக்கு விசாரணை மாதிரிதான் இருக்கும்.

டாக்டரம்மா வெளியே வந்தார். மலேரியா, அதிலும் மோசமான வகை, மூளையைத் தொட்டிருக்கிறது, நாற்பத்தெட்டு மணி நேரம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். காட்டுக்குப் போகும்போது மாத்திரை போட்டார்களா என்று கேட்டார்.

"போட்டோம். காட்டை விட்டுக் கிளம்பின அன்னிக்கு நிறுத்திட்டோம்" என்றாள் அக்கா.

காட்டை விட்டு வந்த பிறகும் ஏழு நாள் போட வேண்டும், கடற்கரையில் படுத்திருந்தாலும் போட வேண்டும், யாரும் சொல்லவில்லையா என்றார் டாக்டரம்மா.

அக்கா ஒரு நொடி தரையைப் பார்த்தாள். "சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா மறப்பாளா? பால்பொடி டப்பாவில்கூடத் திறந்த தேதியை எழுதி ஒட்டுகிறவள் அவள். பன்னிரண்டு நாளுக்கும் அவன் எழுதிக் கொடுத்த பயணத் திட்டச் சீட்டைத் தீவிலும் மூன்று வேளை எடுத்துப் பார்த்ததாக அத்தானே கிண்டல் அடித்தாரே?

பெரியவர் பிடித்துக்கொண்டார். மறந்துவிட்டேன் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள் என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தார். கடலைப் பார்த்ததும் கட்டின புருஷன் நினைப்பு போய்விட்டதா என்றார். ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்தேன், வீட்டுச் சாவியைக் கொடு, குளித்துவிட்டு வருகிறேன் என்று அவர் கை நீட்டியபோதுதான் அக்கா சட்டென்று எழுந்தாள்.

"கொஞ்சம் இருங்க. வீடு போட்டது போட்டபடி கிடக்கு. தம்பி போய் ஒழுங்கு பண்ணிட்டு வரட்டும்." சாவியை அவன் கையில் திணித்தாள். "பிரிட்ஜுல பால் இருக்கும்டா. கெட்டுப்போயிருக்கும். அதைக் கொட்டிடு. முதல்ல அதைப் பாரு."

அத்தான் உயிருக்குப் போராடும்போது இவளுக்குப் பால்தான் கவலையா என்று நினைத்துக்கொண்டே போனான். அதிர்ச்சியில் மூளை இப்படித்தான் வேலை செய்யும் போலிருக்கிறது.

வீட்டில் ஒழுங்கு பண்ண ஒன்றுமே இல்லை. துவைத்த துணி மடித்திருந்தது. அத்தானின் செருப்பு ஜோடி சேர்த்து வைத்திருந்தது. சமையலறையில் பிரிட்ஜ் முன்னால் போய் நின்றவன், கதவைத் திறக்கக் கை நீட்டி அப்படியே நின்றுவிட்டான்.

கதவில், காட்டில் வாங்கி வந்த ஒட்டகச்சிவிங்கி காந்தத்துக்கு அடியில் அவன் கொடுத்த பயணத் திட்டச் சீட்டு. முடிந்த நாட்களையெல்லாம் அக்கா பென்சிலால் அடித்திருந்தாள். முதல் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை ஒவ்வொன்றிலும் 'மாத்திரை' என்று அச்சு. ஏழாம் நாளுக்கு நேராக அவனே கம்ப்யூட்டரில் தட்டிச் சேர்த்த வரி: 'இன்றோடு மாத்திரைக்கு டாட்டா! இனி காலை நீட்டிப் படுங்கள்!'

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான்.

பெயர்தான் காடுகடல், பயணத்தில் எப்போதும் கடல் முதலில், காடு கடைசியில். காடு முடிந்து நேரே வீடு. அதனால் மிச்ச ஏழு நாள் மாத்திரையை, 'வீடு திரும்பிய பின்' என்ற கடைசிப் பக்கத்தில்தான் போட்டிருப்பார்கள். அத்தான்தான் மாற்றச் சொன்னார். புழுதியில் புரண்டுவிட்டு அப்படியே வீட்டுக்கு வரச் சொல்கிறாயா, கடைசியில் கடலில் ஊறிவிட்டு வருகிறேன் என்றார். அவன் கம்ப்யூட்டரில் காட்டுப் பகுதியை வெட்டி முன்னால் ஒட்டினான். கடைசிப் பக்கத்தில், 'எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள்' என்ற படிவமும் இருந்தது. சொந்த அக்காவிடம் என்ன மதிப்பெண் கேட்பது என்று அந்தப் பக்கத்தையே தூக்கிவிட்டான். ஆறாம் நாளோடு 'மாத்திரை' நின்றுபோனதைப் பார்த்து, யோசிக்காமல் ஏழாம் நாளில் அந்த டாட்டாவையும் சேர்த்தான். மற்ற வாடிக்கையாளர்களை உட்கார வைத்து மாத்திரை பற்றிப் பத்து நிமிஷம் வகுப்பு எடுப்பான். அக்காவுக்கு டீ மட்டும் கொடுத்தான்.

காந்தத்தை நகர்த்திச் சீட்டை எடுத்தான். நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். அக்காவே மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு ஞாபகம் குழம்பியிருக்கலாம். உண்மையைச் சொன்னால் அத்தானின் ஜுரம் ஒரு டிகிரி இறங்குமா? வேலைதான் போகும். இப்படியெல்லாம் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினான். கடைசியில் பிரிட்ஜைத் திறந்தான். நாலு எலுமிச்சம்பழமும் ஒரு ஜாடி ஊறுகாயும் இருந்தன. பால் இல்லை.

அவன் திரும்பியபோதும் பெரியவர் ஓயவில்லை. கேட்பதற்குப் புதிதாக இரண்டு உறவினர்களும் வந்திருந்ததால் கதையை முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் ஒதுங்கி, சட்டைப்பையைக் கையால் மூடியபடி அவன் நின்றான். மடித்த காகிதம் நெஞ்சில் சூடு வைப்பது போலிருந்தது.

போன் சிணுங்கியது. ஒரு படம் வந்திருந்தது. இரண்டு சின்னப் பெண்கள் கழுத்து வரை அப்பாவை மணலில் புதைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நீலக் கடல். 'காடு முடிஞ்சு கடலுக்கு வந்தாச்சு சார். மூணு நாளா ஜாலி!'

பாங்க் மேனேஜர் குடும்பம். அக்காவின் பயணத்தைக் கேள்விப்பட்டு, எங்களுக்கும் காடு முதலில், கடல் அப்புறம் என்று கேட்டவர்கள். அக்காவின் சீட்டில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தான். வகுப்பும் எடுக்கவில்லை. அன்று அவசரம். எல்லாம் சீட்டில் இருக்கு சார் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

வெளியே போய்ப் பேசலாம் என்று படிக்கட்டுக்கு ஓடினான். சிக்னல் செத்துப்போனது. ஜன்னலுக்கே திரும்பி வந்தான். பெரியவரும் உறவினர்களும் இரண்டடி தூரத்தில். எண்ணை அழுத்தினான்.

"சார், மாத்திரை போடுறீங்களா?"

"எந்த மாத்திரை? அதான் ஏழாம் நாள் டாட்டான்னு நீங்களே எழுதியிருக்கீங்களே" என்று மேனேஜர் சிரித்தார். அலைச் சத்தம் கேட்டது.

"தப்பு சார். நான் தப்பா எழுதிட்டேன்." குரல் அவனையறியாமல் உயர்ந்தது. "மிச்ச மாத்திரை இருக்கா? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

பெட்டியில் கிடக்கிறது என்றார் மேனேஜர். தீவிலுள்ள டாக்டரை இன்றே பார்த்து, மூன்று நாள் விட்டுப்போனதைச் சொல்லி, அவர் சொல்கிறபடி நாலு பேரும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும், யாருக்காவது உடம்பு சுட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று அவன் மூன்று முறை சொன்னான். என்ன சார் ஆச்சு என்று அவர் கேட்டதற்கு, "எங்க அத்தான் இதே சீட்டாலதான் ஐ.சி.யூ.வில இருக்கார்" என்றான்.

பெரியவர் பேச்சை நிறுத்தி அவனையே பார்த்தார். அவன் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து அவர் கையில் கொடுத்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோர்ட் காகிதம் படிப்பது போல ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஏழாம் நாளுக்கு வந்ததும் அவர் உதடு அசைவது நின்றது. அக்காவைத் திரும்பிப் பார்த்தார். காகிதத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, டாக்டரம்மாவின் அறைப் பக்கம் நடந்தார்.

அவன் அக்காவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தான். முதலாளியிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றான். நீ ஏன் மறந்ததாகச் சொன்னாய் என்று கேட்க நினைத்தான். அதற்குப் பதிலாக, பிரிட்ஜில் பால் இல்லை என்றான்.

அக்கா காகிதத்தை எடுத்து, அவன் மடித்திருந்த மடிப்பிலேயே மறுபடி மடித்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது.

"பால் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? பெரியவர் போய்ப் பாக்கிறதுக்குள்ள நீ இதை எடுத்துடணும்னுதானேடா உன்னை அனுப்பினேன்."