மூன்றாம் வரிசை போட்ட ஒற்றை நட்சத்திரம்

குராமோச்சிக்கு நாற்பத்தாறு வயது. குழாய்ச் சாமான் விற்கிற கடையில் வேலை. வாழ்நாளில் யாரையும் ஒரு அறை அறைந்ததில்லை, வாங்கியதுமில்லை. அதனாலோ என்னவோ, பெண்கள் மல்யுத்தத்தில் யார் ஒழுங்காக அடிக்கிறாள், யார் ஒழுங்காக விழுகிறாள் என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைத் தானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். ஞாயிறு மதியம் கவாகுச்சி நகரத்தில் ஒரு சின்ன அரங்கின் மூன்றாவது வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்காருவார். சாயங்காலத்துக்குள் ‘மூன்றாம் வரிசை’ என்ற புனைபெயரில் இணையத்தில் விமர்சனம் வந்துவிடும். இருநூறு பேர் கொள்ளும் அரங்கு, நாலாயிரம் வாசகர்கள். மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

போன ஆட்டத்தில் ஹயசாகா ஷிஹோரிக்கு ஒற்றை நட்சத்திரம்தான் போட்டிருந்தார். எதிரில் நின்றது நனாவோ என்ற புது வீராங்கனை, அவளுக்கு அதுதான் அரங்கேற்றம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தை ஷிஹோரி சட்டென்று நனாவோவை அமுக்கிப் பிடித்து முடித்துவிட்டாள். ‘ஷிஹோரிக்குச் சலித்துவிட்டது. பாதியிலேயே கடையைச் சாத்திவிட்டார். காசு கொடுத்து வந்தவர்கள் முட்டாள்களா?’ என்று எழுதினார். கடைசி வரியைத் தானே மூன்று தடவை படித்து ரசித்தார்.

இன்று ஆட்டம் தொடங்குமுன் மல்யுத்தக் குழுவின் முதலாளி மேடையேறி, சாம்பியன் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு ஷிஹோரிக்கு இல்லை, வேறொருத்திக்கு என்று அறிவித்தார். ரசிகர்களின் மனக்குறையைப் படித்தோம் என்றார்.

பக்கத்தில் இருந்த நிஷிவாகி குராமோச்சியின் விலாவில் இடித்தான். மூன்று வருஷமாக அடுத்த நாற்காலிக்காரன் அவன்.

“யோவ் வாத்தியாரே, உன் பேனாதான்யா வேலை செஞ்சிருக்கு! ஒரு பொண்ணைப் பெயிலாக்கிட்டியே!”

“நான் என்ன செஞ்சேன்? கண்ணால பாத்ததை எழுதினேன்,” என்றார் குராமோச்சி. சொல்லும்போது உள்ளுக்குள் இனித்தது. அதை நினைத்துத்தான் பிறகு அவர் அதிகம் கூசினார்.

ஆட்டங்கள் முடிந்ததும் வீராங்கனைகள் மேசை போட்டு உட்கார்ந்து போட்டோ விற்பார்கள், கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். விமர்சகன் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது குராமோச்சியின் கொள்கை. “கொள்கையாம் கொள்கை! வாய்யா,” என்று நிஷிவாகி கையைப் பிடித்து இழுத்துப்போய் ஷிஹோரியின் வரிசையில் நிறுத்திவிட்டு, பனியன் வாங்கப் போய்விட்டான்.

ஷிஹோரி அவரைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள்.

“சார், நீங்களா! மூணாவது வரிசைதானே? ரொம்ப நாளா உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன்.”

குராமோச்சி திட்டு வாங்கத் தயாரானார். ஆனால் அவள் முகத்தில் கோபமே இல்லை. போட்டோவை எடுத்து வைத்து எழுத ஆரம்பித்தாள்.

“ரிங்குல இருந்து பாத்தா எல்லார் மூஞ்சியும் தெரியும் சார். அடி பலமா விழுறப்போ நீங்க மட்டும் தலையைக் குனிஞ்சுக்குவீங்க. பாக்க மனசு வரல, இல்ல?”

குராமோச்சி நோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “அன்னிக்கும் நீங்க ஒருத்தர்தான் கவனிச்சீங்க. நனாவோ தப்பா விழுந்து தோள்பட்டை எறங்கிடுச்சு. முடிச்சுடுன்னு என் இடுப்புல ரெண்டு தட்டு தட்டினா. அதான் உடனே அமுக்கி முடிச்சுட்டேன். நிமிர்ந்து பாத்தா நீங்க குனிஞ்சு இருக்கீங்க. சரி, இவருக்குப் புரிஞ்சுடுச்சுன்னு நெனச்சேன். வெளியில சொல்லிடாதீங்க சார். மொத ஆட்டத்துலயே விழத் தெரியாதவள்னு பேர் வாங்கினா அவ தாங்க மாட்டா.”

மேசையின் ஓரத்தில் நனாவோ ஒற்றைக் கையால் பனியன் மடித்துக்கொண்டிருந்தாள்.

“எவனோ ஒருத்தன் எனக்குச் சலிச்சுப்போச்சுன்னு எழுதிட்டான். போகட்டும். உங்களை மாதிரி ஒருத்தர் இருக்கீங்களே, அது போதும்.” போட்டோவில் ‘உங்கள் இளகிய மனசுக்கு நன்றி’ என்று எழுதி முடித்திருந்தாள். “பேர் சொல்லுங்க சார்.”

குராமோச்சி என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. காது மடல் வரை எரிந்தது அவருக்கு.

“மூன்றாம் வரிசை,” என்றார்.

பேனா நின்றது. “அந்த… நட்சத்திரம் போடறவரா?”

“ஆமா.”

“அப்போ குனிஞ்சது?”

“எழுதிட்டிருந்தேன்.”

அவள் திட்டியிருந்தால் பிழைத்திருப்பார். எழுதியதை அடிக்கவும் இல்லை. அதன் கீழே ‘மூன்றாம் வரிசைக்கு’ என்று அழகாக எழுதி, இரண்டு கையாலும் நீட்டி, எல்லோருக்கும் குனிகிற அதே அளவு குனிந்தாள். “வந்ததுக்கு ரொம்ப நன்றி. அடுத்தவங்க வாங்க.”

அன்று சாயங்காலம் விமர்சனத்தைத் திருத்த உட்கார்ந்தார். உள்ளதை எழுதினால் நனாவோவின் மானம் போகும். விட்டுவிட்டால் ஷிஹோரியின் பெயர் கெட்டது கெட்டதுதான். மிச்சம் இருந்தது தன் மானம் மட்டும். பழையதை அழித்துவிட்டு எழுதினார்: ‘அந்த ஆட்டத்தின் முடிவை நான் பார்க்கவில்லை. அதற்கு முன் பார்த்ததைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். பார்க்காததற்குத்தான் மதிப்பெண் போட்டேன். மூன்று வருஷமாக இப்படித்தான்.’

முதல் பதில் நிஷிவாகியிடமிருந்து வந்தது. “குடிச்சிருக்கியாய்யா?” மற்றவர்கள் அவ்வளவு மரியாதையாகக் கேட்கவில்லை. பட்டத்துக்கு மோதும் வாய்ப்பும் ஷிஹோரிக்குத் திரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு நோட்டு இல்லாமல் போனார். ஷிஹோரி கடைசி ஆட்டத்தில் இன்னொரு பெண்ணோடு இருபது நிமிஷம் மோதினாள். நெஞ்சில் விழுந்த ஒவ்வொரு அறைக்கும் குராமோச்சிக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. ஆனாலும் ஒரு தடவைகூட அவர் தலை குனியவில்லை. அவளோ மூன்றாவது வரிசைப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.