முனியைச் சாட்சிக்கு அழைக்காதவர்

மலேசியாவில், ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் இருந்த அந்த லாரி நிறுவனத்தில், அன்று காலை ஓட்டுநர்கள் தங்கள் விளக்கத்தில் கையெழுத்திடுவதற்காக வரிசையில் நின்றார்கள். உரிய ஓய்வின்றி நேர வரம்பைக் கடந்து வண்டி ஓட்டியதாகப் பலர் பெயருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. கனகராஜுக்கு அது மூன்றாவது கடிதம். மூன்றாவதும் உறுதியானால் அன்றே சாவியை ஒப்படைக்க வேண்டும். விசாரணை முடியும்வரை வேலை இல்லை. முடிந்தபின் உண்டா என்பதும் நிச்சயமில்லை. சுங்கை சிப்புட் வீட்டில் இருந்த மனைவி சரளா இதை அறிவாள். பார்த்துப் பேசும்படி மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆயினும் வரிசையில் கலக்கம் இல்லை, வழியொன்று பிறந்திருந்தது. லூமுட் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ரப்பர் மரம் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டமொன்றின் முகப்பில் முனியாண்டி கோயில் இருக்கிறது. தோட்டம் கலைந்து சனங்கள் பட்டணம் போய்விட்டார்கள், முனி போகவில்லை. அவ்வழியே செல்லும் தமிழ் ஓட்டுநர்கள் வண்டியை ஒதுக்கிச் சூடம் கொளுத்தி, மரநிழலில் சற்றுக் கண்ணயர்வார்கள். ஆனால் எஞ்சினை அணைக்க மாட்டார்கள். எல்லைக் காவலனான முனியின் முன்னால் வண்டி உயிரோடு நிற்க வேண்டும். அங்கே அணைந்தது நடுவழியில் அணையும் என்பது நம்பிக்கை. லாரியில் பொருத்தியிருந்த பழைய கருவியோ எஞ்சின் ஒன்றையே அறியும். அது உறுமிக்கொண்டிருந்தால் ஆள் ஓட்டிக்கொண்டிருப்பதாகவே பதிந்து வைக்கும்.

இதை எடுத்துச் சொன்னவன் தர்மேந்திரன் என்னும் ஓட்டுநர். மேற்பார்வையாளர் நஜ்முதீன் அதில் நியாயம் கண்டு மேலிடத்தில் பேசினார். கோயிலில் நின்றதாகச் சொல்பவரின் விளக்கம் ஏற்கப்படும், கடிதம் ரத்தாகும் என்று முடிவாயிற்று. அவ்வளவுதான்; நின்றவரோடு நிற்காதவரும் பக்தராகிவிட்டார்கள். நீ கிறிஸ்துவனாயிற்றே என்று ஒருவனைக் கேட்டதற்கு, “லாரி இந்துலா” என்றானாம்.

அந்த ஓட்டுநர்களில் முனிக்கு முன் கைகூப்பி நின்று ஒரு பதிகத்தை முழுதும் பாடிவிட்டு உட்காருகிறவர் கனகராஜ் ஒருவரே. ஆகவே அவருக்கு வழி எல்லாரையும்விட எளிது. அந்த எளிமைதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கடிதம் குறித்த நாளில் அவர் நிற்கவில்லை. லூமுட்டில் சரக்கு இறக்கத் தாமதமாகி, வானமும் கறுத்துவர, வீடு சேரும் அவசரத்தில் கோயிலுக்கு நேரே ஒரு ஹார்ன் அடித்துவிட்டு ஓட்டிப் போய்விட்டார். போகும் வழியில் இமை சொருகியதையும், சக்கரம் சாலையோரப் புல்லைத் தொட்டு மீண்டதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

முறை வந்தது. நஜ்முதீன் தாளைத் திருப்பி வைத்தார்.

“ஒங்களக் கேக்கவே வேணாம்ணே. கோயில்ல நின்னீங்கன்னு எழுதிட்டேன். சைன் போடுங்க.”

கனகராஜ் பேனாவை எடுத்தார், வைத்தார்.

“அன்னிக்கு நான் நிக்கல பாய்.”

நஜ்முதீன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இது மூன்றாவது என்பதை நினைவூட்டினார். எத்தனையோ நாள் நின்றவருக்கு ஒரு நாள் ஒரு பொருட்டா என்றும் கேட்டுப் பார்த்தார்.

“நின்ன நாளு நின்னதுதான். இது நிக்காத நாளு.”

கதவோரம் நின்ற தர்மேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. “போட்டுட்டு வாங்கண்ணே. முனி என்ன கோவிச்சுக்கவா போவுது? மன்னிச்சிரும்லா.”

“மன்னிச்சிரும்டா,” என்றார் கனகராஜ். “அதனாலதான் சொல்ல வாய் வரல.”

நஜ்முதீன் அந்தத் தாளை நான்காகக் கிழித்தார்.

“நீங்களே இல்லன்னு சொன்னப்புறம் ஒங்க சாமி பேர்ல நான் எழுதக் கூடாதுண்ணே. சரக்கு எறக்க லேட்டாச்சுன்னு எழுதலாமா? அது நெசந்தானே?”

“நெசம். எழுதுங்க. ஓட்டும்போது கண்ணு சொருகிச்சு, அதையும் எழுதுங்க.”

“அத எழுதுனா விசாரணைல ஒங்களுக்குத்தான் கஷ்டம்.”

“லூமுட்ல எங்கள எவ்ளோ நேரம் காக்க வைக்கிறாங்கன்னு அப்பத்தான் கேப்பாங்க பாய்.”

நஜ்முதீன் புதிய தாளில் இரண்டையும் எழுதினார். கனகராஜ் அதை வரிவரியாகப் படித்து, முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்திட்டார். சாவியை மேசைமேல் வைத்தார்.

“மூணாவது கியர் முரண்டு புடிக்கும். யாரு எடுத்தாலும் அதட்டாம மெதுவா போடச் சொல்லுங்க.”

வெளியே வந்து மோட்டார் சைக்கிள் அருகில் நின்றபடி சரளாவை அழைத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவள், சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.

“இல்ல. சோறு ஆக்கி வையி. இன்னிக்கு மத்தியானமே வாரேன்.”