தேதி தவறிய பெட்டி

நான்காவது திருகும் கழன்றுவிட்டது, இனி மூடியைப் பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும், ஆனால் ஜெபதாஸ் இழுக்கவில்லை, ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி சாப்பாட்டு மேசைமேல் சாய்ந்து கிடந்த கம்ப்யூட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்... மணி மூன்றேகால், நாலு மணிக்குத்தான் கரண்ட் வரும், நம்மூர் நேரம் நாலேமுக்காலுக்கு ரியாத்தில் நர்ஸாக இருக்கும் மனைவி பூங்கனிக்கு டூட்டி பஸ், இடையில் முக்கால் மணி நேரம், அதற்குள் அந்தச் சிவப்புத் திரை போய் அவள் முகம் வரவேண்டும், வந்தால் அவள் கேட்பாள், கேட்டால் சொல்லவேண்டும். சட்டைப் பையில் ஒற்றை ரூபாய் அளவுக்கு ஒரு பேட்டரி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திங்கள்சந்தை ஊரில் ஒரு கடையில் வாங்கியது, இன்றைக்குச் சனி. நான்கு நாளாகச் சட்டை மாற்றும்போதெல்லாம் அதை மறக்காமல் எடுத்து அடுத்த சட்டையில் போட்டுக்கொண்டவர், பெட்டிக்குள் போட மட்டும் மறந்துவிட்டார் என்றால் யார் நம்புவார்கள், அவரே நம்பவில்லையே.

மூன்று வாரமாயிற்று அந்த எச்சரிக்கை தொடங்கி. மெயில் பக்கத்தைத் திறந்தால் கேடய வடிவத்தில் ஒரு சிவப்பு, இந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் கோளாறு, தொடர வேண்டாம் என்று இங்கிலீஷில் ஒரு வரி. வேறொருவர் என்றால் போனால் போகட்டுமென்று அமுக்கியிருப்பார், ஜெபதாசால் முடியாது, பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் அமில பாட்டில்களோடு புழங்கியவர், சிவப்பைக் கண்டால் கை தானாகப் பின்னால் போகும். முதல் வாரம் வைரஸ் என்று நினைத்தார், முழு நாள் ஸ்கேன் ஓடியது, ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் மகள் ஜாஸ்மி பெங்களூரிலிருந்து போனில் சொன்னபடி எதையெல்லாமோ அழித்தார், பழைய கிறிஸ்துமஸ் போட்டோக்கள் சிலவும் சேர்ந்து போனதுதான் மிச்சம். கடைசியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் ரசலையன் சார்தான் ஸ்டாஃப் ரூமில் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார், "சாரே, மூலையில தேதி என்ன காட்டுகு, பாத்தியளா?" வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தால் ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து நான்கு. "அதாக்கும் விசயம். உள்ள உள்ள பேட்டரி செத்துப்போச்சு. கரண்ட் போவும்போதெல்லாம் அது பழைய நாளுக்குப் போயிரும். இந்த வருசம் குடுத்த சான்றிதழ அது எப்படி நம்பும்? இன்னும் எட்டு வருசம் கெடக்கே அதுக்கு!" என்று சிரித்தார், ஜெபதாசும் சிரித்தார், ஆனால் அன்றைக்கு சைக்கிளில் வரும்போது நெய்யூர் ஆஸ்பத்திரி வளைவில் சிரிப்பு நின்றுபோனது. இரண்டாயிரத்து நான்கு ஜனவரி... பூங்கனி போய் ஒன்றரை வருடம், ஜாஸ்மிக்குப் பதிமூன்று, தலை பின்னத் தெரியாமல் அவர் பின்னிவிட்ட பின்னல் பள்ளிக்கூட வாசலை எட்டுவதற்குள் அவிழ்ந்துவிடும், அப்போது வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாளே. வீடு பாதியில் நிற்கிறது, பிள்ளை படிக்கவேண்டும், இன்னும் இரண்டு வருடம், இன்னும் இரண்டு வருடம்... சொன்னது யார், அவளா, அவரா? அதுகூட இப்போது தெளிவாக இல்லை.

இப்போது வீடு முடிந்துவிட்டது, மாடியும் எடுத்தாயிற்று, ஜாஸ்மி வேலைக்கும் போய்விட்டாள். வியாழக்கிழமை ராத்திரி போனில் பூங்கனி சொன்னாள், "ஞாயிறு காலையில காண்ட்ராக்டுல கையெழுத்துக் கேக்குதாவ. போட்டா ரெண்டு வருசம். போடலேன்னா ஜூன்ல டிக்கெட்." அவர் வழக்கம்போல, "உனக்க இஷ்டம் போல செய்" என்றார். அந்தப் பக்கம் பின்னால் எங்கோ ஒரு லிஃப்ட் கதவு மூடுவது கேட்டது. "ஜாஸ்மிக்க அப்பா, பத்து வருசமா இதத்தான் சொல்லுதிய. போன்ல கேட்டா எனக்கு ஒண்ணும் பிடிகிட்டாது. முகத்தப் பாத்துச் சொல்லுங்க, வரட்டா, இருக்கட்டா. சனிக்கிழம டூட்டிக்கு முன்ன உக்காந்திருப்பேன். அந்தக் கம்ப்யூட்டர என்ன செய்வியளோ தெரியாது." அவள் குரல் உயரவில்லை, ஊசி போடுமுன் நோயாளியிடம் பேசும் குரல்போல அமைதியாகத்தான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

வா என்று சொல்ல என்ன தடை? ஆசை இல்லையா? ஆசை இல்லாமலா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி அந்தச் சின்னக் கேமரா முன்னால் அரைமணி முன்பே போய் உட்கார்ந்தார், ஆசை இல்லாமலா அவள் விட்டுப்போன நீலச் சேலையைத் துவைக்காமல் பீரோவில் வைத்திருக்கிறார்... ஆனால் போன லீவு நினைவுக்கு வருகிறது, நாற்பத்தைந்து நாள். வந்த மூன்றாம் நாள் அவள் அடுக்களை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்தாள், மல்லிப்பொடி இருந்த இடத்தில் சீனி, சீனி இருந்த இடத்தில் புளி. காப்பி போடப்போனவர் தேடித்தேடி எரிச்சலில், "எனக்க அடுக்களையில கைவைக்காத" என்று சொல்லிவிட்டார். எனக்க அடுக்களை! அவள் கையில் அகப்பையோடு அப்படியே நின்றாள், பிறகு சிரித்து, "மாத்தி வச்சிரட்டா?" என்று கேட்டாள், விருந்துக்கு வந்தவள் கேட்பதுபோல. அன்றைக்கு ராத்திரி அவள் பக்கத்தில் படுத்திருக்க அவருக்குத் தூக்கம் வரவில்லை, யாரோ படுத்திருக்கிறார்கள் என்றே உடம்பு சொல்லிக்கொண்டிருந்தது. அவள் விமானம் ஏறிய மறுநாளே மறுபடி ஏங்கத் தொடங்கிவிட்டார், அவள் குளித்த சோப்புத் துண்டைக்கூட எடுத்துப் பத்திரப்படுத்தினார். அப்படியானால் அவர் ஏங்குவது யாருக்காக? முப்பத்துநாலு வயதில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிய, இரட்டைக் கம்மல் போட்ட அந்தப் பெண்ணுக்காகவா? அவள் இனி எந்த விமானத்திலும் வரமாட்டாளே... வரப்போவது மூட்டு வலியும் வெள்ளெழுத்துக் கண்ணாடியும் உள்ள நாற்பத்துநாலு வயதுப் பூங்கனி, அவளை அவருக்குத் தெரியுமா? சிவப்புத் திரை வந்த மூன்று வாரமும் உள்ளுக்குள் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்ததே, அது என்ன நிம்மதி, சீ.

மூடியை இழுத்தார். உள்ளே பத்து விரலுக்கும் ஒட்டும் தூசி, ஒரு செத்த பல்லி, பச்சைத் தகட்டின் ஓரத்தில் அந்த வட்டப் பேட்டரி. நகத்தால் நெம்பினார், வரவில்லை, கொண்டி ஒன்று இருக்கிறது, ரசலையன் சொல்லியிருந்தார், அதைப் பைய அமுக்கினால் துள்ளி வெளியே விழுந்தது. புதியதை வைத்தார், டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பதினைந்து விநாடி வேலை. இதற்கா நான்கு நாள். நான்கு மணி, நான்கு ஐந்து, இன்றைக்குப் பார்த்து கரண்ட் வரவில்லை, வராமலே போய்விட்டால்... என்று நினைத்த உடனே அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டார், அப்போது ஃபேன் சுற்றியது. வயர்களைச் செருகித் தேதியைத் திருத்தினார், மார்ச், இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஆண்டை ஒவ்வொன்றாக மேலே ஏற்ற எட்டுத் தடவை அமுக்கவேண்டியிருந்தது. மெயில் பக்கம் எந்தச் சிவப்பும் இல்லாமல், இத்தனை நாள் ஒன்றுமே நடக்காததுபோலத் திறந்தது. அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறாளோ.

வெள்ளைச் சீருடையில் வந்தாள், முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், காதோரம் நரை. "தெரியுதா?" என்றாள். "தெரியுகு." "மெலிஞ்சிட்டிய." "இல்ல, இந்தக் கேமராவுக்க கோளாறு." பிறகு அவள் அவர் முகத்தையே பார்த்தாள், ஜுரம் பார்ப்பதுபோல. உனக்க இஷ்டம் என்பது அவர் நாக்கின் நுனிவரை வந்தது, அதை விழுங்கினார். "வா, பூங்கனி" என்றார், "எனக்குப் பயமாத்தான் இருக்கு, ஆனாலும் நீ வா." அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண் நிறைந்தது, தலையாட்டினாள், சரி, சரி என்று இரண்டு தடவை சொன்னாள். அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்போதுதான் அவள் திரும்பினாள், ஒரு நொடிதான், தன் பின்னாலிருந்த அறையைப் பார்த்தாள், ஜன்னலை, மஞ்சள் திரைச்சீலையை, அதன் கீழே ஒரு தொட்டியில் அடர்ந்து கிடந்த பச்சையை... பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை ஜெபதாசுக்குத் தெரியும், அதே பார்வையோடுதான் அவர் பத்து வருடமாக அவளைப் பார்த்துவருகிறார்.

"அது என்ன செடி?" என்று கேட்டார்.

"புதினாவாக்கும். ஆறு வருசமா நிக்குகு. ஏன், நீங்க பாத்ததில்லியா?"

வெளியே அவளைக் கூப்பிட்டு பஸ் ஹாரன் அடித்தது, அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். ஒவ்வொரு வெள்ளியும் பார்த்த திரைதான், அந்தத் தொட்டி அங்கேதான் இருந்திருக்கிறது, அதை யாரிடம் விட்டுவிட்டு வருவாள் என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல், அவள் போனபின்னும் தெரிந்துகொண்டிருந்த அந்த அறையைப் பார்த்தபடி இருந்தார்.