மூடாத கணக்கு

மருந்துக் கிடங்கின் மென்பொருளில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதற்கு ஒப்புதல் கொடுக்கலாம் என்று அனுமதி வழங்குவது அவள் வேலை. வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கை மூடுவதும் அவள்தான். எத்தனையோ பேரின் கணக்கைக் கண் இமைக்காமல் மூடியவளுக்கு, அக்காவின் கணக்கைத் தொட மட்டும் கை வரவில்லை. அதே நிறுவனத்தில் கிடங்கு மேலாளராக இருந்த அக்கா, மாரடைப்பு வந்து ஒரே நொடியில் போய்விட்டாள். மாதம் ஒன்று ஓடிவிட்டது. மேலிடத்திலிருந்து கேட்டபோதெல்லாம், "பாதியில நிக்கிற வேலை இருக்கு, முடிஞ்சதும் மூடிடறேன்" என்று சாக்கு சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலை அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. ஆள் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம்.

கிடங்கில் அதற்குள் காதும் காதும் வைத்தாற்போல் பேச ஆரம்பித்திருந்தார்கள். "மேடம் இன்னும் போகலை. போற சரக்குக்கெல்லாம் அவங்க பேர்லதான் ஓகே வருது." சுமை ஏற்றுபவர்கள் அக்காவின் அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

புள்ளி எரிந்துகொண்டிருக்கும்போதே அவள் எழுந்து நடந்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஒப்புதல் கொடுப்பதற்கு முன் அக்கா அப்படித்தான் செருமுவாள். கதவைத் தள்ளினாள்.

நாற்காலியில் உதவி மேலாளர் உட்கார்ந்திருந்தார். பல வருடம் அக்காவிடம் வேலை பார்த்தவர். தோளில் அக்கா விட்டுப்போன சாம்பல் நிறச் சால்வை.

"உட்காரும்மா" என்றார். அக்காவின் அதே இழுப்பு. பிறகுதான் எதிரே நிற்பது யார் என்று உறைத்தாற்போல் பதறி எழுந்தார்.

"பாஸ்வேர்ட் மேடமே சொல்லி வெச்சிருந்தாங்க. என் பேர்ல அனுப்பப் பார்த்தா அனுமதி இல்லைங்குது. உங்ககிட்ட கேட்டா நாளைக்கு, நாளைக்குன்னீங்க. ஆஸ்பத்திரிக்காரங்க போன்ல கத்தறாங்க. சரி, ஒரு தடவை மேடம் பேர்ல போவோம்னு..."

"ஒரு தடவையா சார்?"

"அவங்க பேர்ல போட்டா கை நடுங்கலைம்மா. இப்ப வீட்டுல பேசினாக்கூட குரல் என்னுதா இல்லை. என் பொண்ணு பக்கத்துல வர மாட்டேங்கறா."

அக்காவின் இடத்தில் இன்னொரு பெயரைப் போட மனமில்லாமல்தானே இவரை இழுத்தடித்தோம் என்று அவளுக்குச் சுருக்கென்றது. சமாதானமாக ஏதாவது சொல்ல நினைத்தாள்.

"நேத்து தடுப்பூசி சரக்கை அனுப்பாம நிறுத்தினீங்களே, நல்ல வேளை. குளிர்பெட்டி பழுதாகி மருந்து கெட்டுப்போயிருந்ததாம்."

அவர் விழித்தார். "நானா? எதையும் நிறுத்தற தைரியம் எனக்கேது? எல்லாத்துக்கும் ஓகேதான் போட்டேன்."

அவள் திரையைத் திருப்பி, அக்காவின் பெயரில் அந்தச் சரக்கு நிறுத்தப்பட்ட நேரத்தைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவர் அவளுடைய மேஜைக்கு எதிரே நின்று மறுபடியும் அனுமதி கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அக்காவின் கணக்கு இந்த அறைக் கணினியில் மட்டுமே திறக்கும்; அறையின் ஒரே சாவி அப்போது அவர் சட்டைப் பையில் இருந்தது.

இருவரும் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். அவர் மெல்லச் சால்வையைக் கழற்றினார்.

கணக்கை மூடிவிட்டால் அக்கா எங்கே போவாள்? மூடாமல் விட்டால் இந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமலே போய்விடுவார். அவள் நின்றபடியே தன் பெயரில் உள்ளே நுழைந்தாள். அக்காவின் கணக்கை மூடினால் பொறுப்பை யாருக்கு மாற்றுவது என்று திரை கேட்டது. அவர் பெயரைத் தட்டினாள். "போயிட்டு வாக்கா" என்று வாய் வரை வந்துவிட்டது. 'வா'வை விழுங்கிக்கொண்டு, "போக்கா" என்றாள். அழுத்தினாள். பச்சைப் புள்ளி அணைந்தது.

மதியம் டிரைவர் ஒருவர், "மேடம் பேர்ல ஓகே வந்துடுச்சா சார்?" என்று தயங்கினார்.

"இல்ல. நான் சொல்றேன். கிளம்பு."

குரல் உடைந்தாலும் அவருடைய குரல்தான். வண்டி நகர்ந்தது.

வீட்டில் அம்மா கேட்டாள்: "அவ வேலையை இப்ப யாரு பாக்கறா?"

"ஒருத்தர் பாக்கறார்மா."

"அவளை மாதிரியே பாக்கறாரா?"

"வேண்டாம்மா. அவர் மாதிரி பாக்கட்டும்."

அவள் தடுப்பூசியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகும்.